நெல் தராசில் ஏறிய உடம்பு

பைபாஸ் செய்துகொண்டு கொழும்பிலிருந்து ஓட்டமாவடிக்குத் திரும்பிய என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையேதான் சொன்னார்கள். "மாஷா அல்லாஹ், உடம்பு வச்சிரிக்கி!" நெஞ்சைப் பிளந்து தைத்துக்கொண்டு வந்தவனுக்கு உடம்பு எங்கிருந்து வரும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. கன்னம் உப்பியிருந்தது. கால் செருப்புக்குள் போக மறுத்தது. அவ்வளவும் தண்ணீர்.

டாக்டர் அனுப்பும்போதே சொல்லியிருந்தார். எனக்கு இதயத்தை நிறுத்திவிட்டு, இரத்தத்தை மெசினில் ஓடவிட்டுத்தான் தைத்தார்கள். அப்படிச் செய்யும்போது இரத்தத்தில் சேரும் உப்புத் தண்ணீர் சதைக்குள் கசிந்து தங்கிவிடுமாம், சிறுநீராக இறங்க நாளெடுக்குமாம். அதுவரை அளந்து குடிக்க வேண்டும், தினமும் காலையில் நிறுத்துப் பார்க்க வேண்டும். நிறை ஏறினால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும், பிந்தினால் நுரையீரலில் நிரம்பிவிடும் என்றார்.

வீட்டில் தராசு இல்லை. என் நெல்லுக் கடையில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன். கடையில் வேலை செய்பவன் பழக்கதோஷத்தில் என் தோளையும் மூட்டையைப் போல் தட்டிப் பார்த்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி நிறையைக் கத்தினான்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் குடியிருப்பான். என் மனைவியின் சகோதரிகள் சுற்றிலும் மதிலுக்கு மதில் இருக்கிறார்கள். ஒருத்தி கோழி சூப்பு அனுப்பினால் அடுத்தவள் ஆட்டுக்கால் சூப்பு அனுப்புவாள். வேண்டாம் என்று திருப்பியனுப்பிய மாப்பிள்ளை இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. நடுவில் மனைவி இளநீரோடு வருவாள். டாக்டர் சொன்னதை நினைவூட்டினால், "இது மருந்துதானே, குடிங்க" என்பாள். தராசு முள் ஏற ஏற அவளுக்கு ஒரே சந்தோஷம். நாளைக்கும் ஏறினால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நானும் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்ற அவளுடைய காக்கா, அதாவது மூத்த அண்ணன், வந்தார். மச்சானும் பைபாஸ்காரர்தான். ஆனால் மெசின் வைக்காமல், இதயம் அடித்துக்கொண்டிருக்கும்போதே தைத்த வகை. அவருக்கு வீக்கம் பெரிதாக வரவில்லை. அதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

"என்ட இதயம் ஒரு நிமிசம் லீவு போடல்ல மச்சான். நான் ஆசைக்குக் குடிச்சன், என்ன நடந்த? நீங்களும் குடிங்க" என்றார்.

அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு நடந்தது. பகல் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தேன், மூச்சு முட்டியது. எழுந்து உட்கார்ந்தும் அடங்கவில்லை. செத்துப்போவேன் என்று நிஜமாகவே பயந்தேன். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஊசி போட்டதும் சூப்பு, இளநீர் எல்லாம் சிறுநீராகப் போகத் தொடங்கின. "இவருக்கு இவ்வளவு குடிக்கக் குடுத்தது யாரு?" என்று டாக்டர் கேட்டார். மச்சான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூச்சு திரும்பியதும் கோபமும் திரும்பிவிட்டது. "நான் மௌத்தாகட்டும், செத்துப் போகட்டும் எண்டா ஊத்தின நீ?" என்று மனைவியிடம் சீறினேன்.

அவள் அழுதாள். "கொழும்புல கண் முழிச்ச உடன தண்ணி, தண்ணி எண்டு கேட்டீங்க. இப்ப குடுக்கப்படாது எண்டாங்க. ஒதட்ட நனைக்க மட்டும்தான் விட்டாங்க. அப்பிடியே நீங்க பொயிட்டா? சாகப் போற மனிசன் கேட்டும் ஒரு மிடறு குடுக்கல்லயே எண்டு நான் எப்பிடி இரிப்பன்?"

நான் கேட்டது எனக்கு நினைவே இல்லை. அவள்தான் அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். எனக்கும் அழுகை வந்தது. அழுதால் நெஞ்சுத் தையல் வலிக்கும், ஆனாலும் அழுதேன்.

இப்போது நிறை இறங்கிவிட்டது, செருப்பும் போட முடிகிறது. சூப்புகளை மச்சான் வீட்டுக்கே அனுப்பிவிடுகிறோம். மனைவி தண்ணீரை அளந்து தருகிறாள். தாகம் இல்லாவிட்டாலும் வாங்கி, அவள் பார்த்துக்கொண்டிருக்க, மிடறு மிடறாகக் குடிக்கிறேன்.