நடுவில் ஒரு ரூபாய்

என் மீசையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ரிக் வண்டியில் கையாள் வேலைக்குப் போன வயதில் அரும்பியது. டிரில்லர் ஆனபோது முறுக்கினேன். சொந்தமாக முதல் வண்டி எடுத்தபோது அது இரண்டு கன்னத்தையும் தொட்டது. எங்கள் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் லாரியைத்தான் ரிக் என்போம். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், அந்த லாரியோடு நான்கு மாநிலம் போய்ப் பாறையைத் துளைத்துத் தண்ணீர் காட்டியவன். மத்தியப் பிரதேசத்தில் என் பெயர் தெரியாதவனுக்குக்கூட மீசைக்காரர் வண்டி என்றால் தெரியும்.

அந்த மீசையைப் போன ஐப்பசியில் வாழப்பாடியில் ஒரு சலூனில் உட்கார்ந்து எடுத்தேன். எடுக்கவைத்தது ஒற்றை ரூபாய்க் காசு ஒன்று.

வண்டிகளை மகன் பார்த்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு எனக்கு வீட்டில் வேலை இல்லாமல் போனது. பீரோவின் அடித்தட்டில் காசுக் கட்டுகள் கிடந்தன. தலைவர்கள் படம் போட்டும், விழாக்களுக்காகவும் அரசாங்கம் அவ்வப்போது தனியாக அச்சடிக்கும் ஐந்து ரூபாய்க் காசுகள். வெளி மாநிலத்தில் புதுக் காசு எங்கே கிடைத்தாலும் துணிப்பையில் கட்டிக்கொண்டு வருவேன். நோட்டு செலவாகிவிடும், காசு நிற்கும் என்பது என் எண்ணம். கொண்டுவந்து கொடுத்ததை என் மனைவி ஐம்பது ஐம்பதாக அடுக்கி, தினசரிக் காலண்டரில் கிழித்த தாளால் உருளையாகச் சுற்றி, இரண்டு முனையையும் மடித்துச் சோற்றுப்பசை வைத்து ஒட்டிவிடுவாள். கட்டு ஒவ்வொன்றும் கரும்புக் கணுபோல் கெட்டியாக இருக்கும்.

இந்த மாதிரிக் கட்டுகளை ஆன்லைனில் வாங்குகிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொன்னவள் மருமகள். பிரிக்காத கட்டுக்குத்தான் மதிப்பாம். கைபடாத காசு, ஒரே வருடம், ஒரே அச்சு, இடையில் வேறு காசு கலந்திருக்கக் கூடாது. நான் சொல்லச் சொல்ல அவள் அப்படியே எழுதிப் படத்தோடு போட்டாள். முதல் மாதமே பதினொரு கட்டு போனது. பூமியைத் துளைத்துச் சம்பாதித்தவன் நாற்காலியில் உட்கார்ந்தும் சம்பாதிப்பான் என்று தெருவெல்லாம் சொன்னேன். நான் சொல்லவில்லை என்றால் வேறு யார் சொல்வார்கள்?

பன்னிரண்டாவது கட்டு கெங்கவல்லிக்குப் போனது. வாங்கியவர் பத்திரம் எழுதுகிறவர். நிலத்துக்கு நான்கு எல்லை எழுதியே தலை நரைத்தவர். கட்டு போய்ச் சேர்ந்த மறுநாள் அவரிடமிருந்து புகார் வந்தது. மருமகள் போனைப் பார்த்து வாசித்தாள். ஐம்பது காசுக்கு இருக்க வேண்டிய எடையைவிட இந்தக் கட்டில் கிட்டத்தட்ட ஐந்து கிராம் அதிகம். கூடுதலாக ஒரு ஐந்து ரூபாய்க் காசு இருந்தால் ஒன்பது கிராம் ஏற வேண்டும். ஏறியது ஐந்துகூட முழுதாக இல்லை. கட்டின் நடுவே விரலுக்கு ஒரு மேடும் தட்டுகிறது. ஆகவே உள்ளே வேறு காசு கலந்திருக்கிறது, இந்த விற்பனையாளர் கட்டைப் பிரித்துச் சுற்றுகிறவர். இதே வாசகத்தைக் காசு சேர்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார். அதில் முந்நூறு பேர்.

குறைவாக இருக்கிறது என்று சண்டை போடுகிறவனைப் பார்த்திருக்கிறேன். அதிகமாக இருக்கிறது என்று புகார் கொடுக்கிறவனை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனாலும் எனக்குள் சுருக்கென்றது. போர் போடும் தொழிலில் அடிக்கணக்கை ஏமாற்றினான் என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் பத்து ஊர் வேலை போய்விடும். அத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை நான் வாங்கியதில்லை. முகம் தெரியாத முந்நூறு பேர் முன்னால் இப்போது வாங்கிவிட்டேன்.

சமையலறையிலிருந்து என் மனைவி வந்து நின்றாள்.

"ஏனுங்க, ஒரு வார்த்தை சொல்லோணுங்க."

"உனக்கு ஆன்லைன் பத்தி என்ன தெரியும்? போயி சோத்தப் பாரு" என்றேன்.

அவள் போய்விட்டாள். போனவள் பாத்திரத்தை வைத்த சத்தம் வழக்கத்தைவிடச் சற்றுப் பெரிதாகக் கேட்டது. அதை நான் பொருட்படுத்தவில்லை. மருமகளிடம் போனை வாங்கி, குழுவில் எல்லோரும் கேட்கும்படி என் குரலையே பதிந்து அனுப்பினேன். அந்தக் கட்டு என் வீட்டில் சுற்றியது, பிறகு யாரும் தொடவில்லை, உள்ளே வேறு காசு ஒன்று இருந்தாலும் என் மீசையை எடுத்துவிடுகிறேன் என்றேன். மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "மாமா, இதைய அழிக்கலாமுங்க, இன்னும் நேரமிருக்குது" என்றாள். சொன்னதை அழிக்கிற வழக்கம் எனக்கு இல்லை என்றேன்.

பத்திர எழுத்தாளர் ஒரே வரியில் பதில் போட்டார். மீசை தேவையில்லை, எடைக்கு விளக்கம் தேவை.

தண்ணீர் வராத போருக்குப் போனில் பேசி முடிக்க முடியாது. காட்டுக்கே போய் நிற்க வேண்டும், என் வழி அதுதான். கிழமை பார்த்து, பச்சைக் கடலை ஒரு பை எடுத்துக்கொண்டு காரில் கிளம்பினேன். என் மனைவி சேலை மாற்றிக்கொண்டு வந்து முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். நீ எதற்கு என்று கேட்டதற்கு, நானும் வாரேன் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. சேலம் தாண்டி, வாழப்பாடி தாண்டி, ஆத்தூர் வரைக்கும் நான்தான் பேசினேன். தீபாவளி முடிந்ததும் மகனோடு சத்தீஸ்கருக்கு ஒரு நடை போய்வருவதாக இருந்தேன், அதைப் பற்றியும் பேசினேன். அவள் ஜன்னல் பக்கம் மரவள்ளிக் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பத்திர எழுத்தாளர் ஒல்லியான மனிதர். கடலையை வாங்கி உள்ளே கொடுத்துவிட்டு, எங்களுக்கு மோர் கொடுத்து உட்காரவைத்தார். பிறகு மேசைமேல் வெள்ளைத் துண்டை விரித்து, அதன்மேல் என் கட்டை வைத்தார். பிறந்த குழந்தையை வைப்பதுபோல் வைத்தார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

கட்டை அவர் பிரித்திருக்கவே இல்லை. பிரித்தால் மதிப்பு போய்விடும், அதனால் பிரிக்காமலே சந்தேகப்பட்டிருக்கிறார். நகைக்கடைத் தராசு ஒன்றை எடுத்து எடை போட்டுக் காட்டினார். அது காகிதத்தின் எடை, பசையின் எடை என்றேன். நடுவில் இருந்த மேட்டைத் தடவச் சொன்னார். தாளின் மடிப்பு என்றேன். அவர் சிரிக்காமல் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார்.

"ஐயா, உங்க அஞ்சு ரூபாயில காந்தம் ஒட்டாது. பாருங்க."

கட்டின் ஒரு முனையிலிருந்து காந்தத்தை மெல்ல நகர்த்தினார். வழுக்கிக்கொண்டே போனது. பாதி தூரம் போனதும் டக்கென்று ஒட்டிக்கொண்டது. கையை எடுத்துவிட்டார். காந்தம் அங்கேயே நின்றது.

நான் எழுந்துவிட்டேன். ஆனாலும் வாய் அடங்கவில்லை. பிரியுங்கள், நஷ்டம் என்னுடையது, இப்போதே பிரியுங்கள் என்றேன். அவர் பேனாக்கத்தியை எடுத்துத் தாளின் ஓரத்தில் வைத்தார்.

"பிரிக்காதீங்க" என்றாள் என் மனைவி. "உள்ள ஒரு ரூவா இருக்குதுங்க. நடுவுல. நாந்தான் வெச்சேன்."

கத்தி அப்படியே நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை, அவரிடம்தான் சொன்னாள். கல்யாணமான புதிதில் நான் வெளி மாநிலம் கிளம்பும்போது, மலைக்கோயில் சாமிக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து வண்டியில் கட்டினாளாம். நான் அதைப் பார்த்துச் சிரித்தேனாம். என் கை இருக்கிறபோது காணிக்கை எதற்கு என்று சொல்லி, முடிச்சை அவிழ்த்து, அந்த ரூபாய்க்கு டீ குடித்தேனாம்.

குடித்தேன். எந்தக் கடை என்பதுகூட எனக்கு நினைவு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை நான் கிளம்பும்போதும் புதுக் கட்டு ஒன்று சுற்றி, எனக்குத் தெரியாமல் அதன் நடுவில் ஒரு ரூபாயை வைத்திருக்கிறாள். நான் திரும்பி வந்ததும் எடுத்துக்கொண்டு போய் உண்டியலில் போட நினைப்பாளாம். வந்த மறுநாளே அடுத்த வேலைக்குப் பேச ஆரம்பித்துவிடுவேன். அப்படியே தங்கிவிட்டது.

பத்திர எழுத்தாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாளைப் பார்த்தார். "இந்தத் தேதி என்னம்மா?" என்றார்.

"அன்னைக்குக் காலையில கெளம்புனாருங்க. அந்தத் தாளையே கிழிச்சுச் சுத்திப்போட்டேன்."

நான் எத்தனை முறை போனேன் என்று எனக்கே கணக்கில்லை. முப்பது இருக்கும் என்பேன், ஆளுக்குத் தகுந்தாற்போல் நாற்பது என்றும் சொல்வேன். எத்தனை கட்டம்மா என்று அவர் கேட்டார். முப்பத்தெட்டு என்றாள், யோசிக்கவே இல்லை.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, எழுத்துல ஐம்பதுன்னா ஐம்பதுதான் இருக்கணும். ஐம்பத்தொண்ணும் தப்புதான். அதுவும் அந்த ஒண்ணு உங்க காசே இல்ல, சாமி காசு. வில்லங்கம் இருக்கற சொத்தை இல்லைன்னு எழுதி வித்திருக்கீங்க."

பணத்தைத் திருப்பித் தருகிறேன், கட்டைக் கொடுங்கள் என்றேன். விற்றுப்போன மற்ற பதினொன்றையும் இரண்டு மடங்கு கொடுத்தாவது திரும்ப வாங்கிவிடுவேன் என்றேன். அவர் கட்டின்மேல் கையை வைத்துக்கொண்டார். தரமாட்டாராம். சாமிக்கு வேறு ஒரு ரூபாய் போட்டால் வில்லங்கம் தீர்ந்துவிடும், கட்டு தன்னிடமே பிரிக்காமல் இருக்கட்டும் என்றார். புகாரையும் எடுத்துவிடுகிறாராம். அதோடு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இனி விற்கும் கட்டுகளுக்கு என்ன எழுத வேண்டும் என்று பத்திர நடையில் எழுதியும் கொடுத்தார். ஐந்து ரூபாய் நாணயம் ஐம்பது, நடுவில் ஒரு ரூபாய் ஒன்று, மேற்படி ஒரு ரூபாய் விற்பவரின் மனைவியால் வைக்கப்பட்டது.

வாசல் வரை வந்தபோது, மீசைப் பேச்சை விட்டுவிடுங்கள் என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு காரை எடுத்தேன்.

திரும்பும் வழியில் ஆத்தூர் தாண்டியதும் காரின் வேகத்தைக் குறைத்தேன். நான் விற்கும்போதே சொல்லியிருக்கலாமே, பதினொரு கட்டு போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாயே என்றேன். சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி சொன்னாள்:

"நீங்கதான் இப்ப ஊட்லயே இருக்கறீங்களே. இனி அது எதுக்குங்கன்னு உட்டுட்டேன். எடை போடுற மனுசன் வருவாருன்னு ஆரு கண்டா?"

வாழப்பாடி வந்ததும் காரை ஓரம் கட்டினேன். சலூன்காரத் தம்பி இரண்டு முறை கேட்டார், முழுசாகவா என்று. என் வாயால் சொன்னதை முந்நூறு பேர் கேட்டிருக்கிறார்கள் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான்கு மாநிலம் பார்த்த மீசை, ஒரு தேநீர் ஆறும் நேரத்தில் தரையில் கிடந்தது. காரில் ஏறியதும் என் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சேலம் வரும்வரை அவள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு முறை, கல்யாணத்துக்கு முந்தி பொண்ணு பார்க்க வந்தபோதுகூட இந்த உதட்டைக் காட்டவில்லை என்றாள். மருமகள் அன்றே படம் எடுத்துக் குழுவில் போட்டாள். ஒருவர் பாக்கியில்லாமல் கை கூப்பினார்கள். சொன்னதைச் செய்கிறவன் என்ற பெயர் அங்கேயும் நிலைத்தது. அதை நான் மறைக்க வேண்டியதில்லை.

அடுத்த திங்கட்கிழமை இரண்டு பேரும் மலைக்குப் போனோம். படியேற முட்டி விடவில்லை, வண்டியில்தான் போனோம். அவள் முந்தானையில் முப்பத்தெட்டு ஒற்றை ரூபாய் முடிந்து வைத்திருந்தாள். உண்டியலில் மொத்தமாகக் கொட்டிவிடுவாள் என்று நினைத்தேன். ஒவ்வொன்றாகப் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் இடையில் உதடு அசைந்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் திரும்பி அவர்களை ஒரு பார்வை பார்த்தேன். மீசை இல்லாத பார்வைக்கு அவ்வளவு பலமில்லை என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இறங்கி வரும்போது கேட்டாள்.

"இது மொளைக்கற வரைக்கும் வெளியூரு போவ மாட்டீங்களாட்ட இருக்குது?"

இந்த முகத்தோடு சத்தீஸ்கரில் போய் நின்றால் என் டிரில்லரே என்னை அடையாளம் கண்டுகொள்ள மாட்டான், போகவில்லை என்றேன். மகன் தீபாவளி முடிந்து தனியாகத்தான் கிளம்பினான். அவன் கிளம்பிய காலையில் காலண்டரில் ஒரு தாள் குறைந்திருந்ததைப் பார்த்தேன். கேட்கவில்லை.

எனக்கு மீசை சீக்கிரம் வளரும், எங்கள் வம்சமே அப்படி. கார்த்திகை முடிவதற்குள் முள்ளுமுள்ளாக ஏறிவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று, முளைக்கிற வரைக்கும் என்று அவள் கேட்டதை நினைத்துத் தடவிப் பார்த்தேன். பிறகு நானே ரேசரை எடுத்து மழித்துவிட்டேன். இரண்டாவது தடவை எடுத்ததற்குப் பந்தயம் எதுவும் இல்லை.