எட்டாவது குடுவை

வசுமதிக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. பால்காரர் ஊற்றும் பாலில், ஆட்டோ மீட்டரில், ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் மாடிப்படியில் யாரோ விட்டுப்போன செருப்பில், எதிலும் அவளுக்கு ஒரு சூது தெரியும். அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் பத்தொன்பது வருடமாக டெக்னீஷியன். அந்த வேலைக்கு இந்தக் குணம் நன்றாகவே பொருந்தியது.

அங்கே பாக்டீரியாவை வைத்துத் துத்தநாகம் எடுக்கிறார்கள். கந்தகத்தோடு பிணைந்து கிடக்கும் தாதுவைப் பொடித்து இரும்புச் சத்து கலந்த அமில நீரில் போட்டால், அந்தக் கிருமிகள் கந்தகத்தையும் இரும்பையும் தின்று, துத்தநாகத்தை நீரில் கரைத்துவிடும். இளம்பச்சை நீர் டீ நிறமாகும். எட்டுக் குடுவைகளில் கடைசியில் மட்டும் கிருமி கிடையாது. அது பச்சையாகவே இருந்தால்தான் மற்ற ஏழிலும் வேலை செய்தது கிருமி என்று நிரூபிக்க முடியும்.

மே மாதம் எட்டாவதும் பழுப்பேறிவிட்டது. நாலு மாத உழைப்பு பாழ். அறையைப் பெருக்க வரும் ஒப்பந்தத் தொழிலாளி சேட்டுதான் காரணம் என்று வசுமதி அடித்துச் சொன்னாள்.

"சத்தியமா நான் அதத் தொடல மேடம். பெருக்கிட்டு அப்படியே வெளிய போயிட்டேன்" என்றார் சேட்டு. ஐம்பதை நெருங்கும் விழுப்புரத்துக்காரர்.

"பின்ன அது தானா நிறம் மாறுமா?"

தலைமை விஞ்ஞானி ராஜகோபாலனிடம் எழுத்தில் புகார் கொடுத்தாள். அடுத்த வாரமே சேட்டுவுக்கு வேலை போயிற்று.

மறுபடி சோதனை தொடங்கியது. இந்த முறை அறைக்குப் பூட்டு, சாவி அவள் இடுப்பில். பன்னிரண்டாம் நாள் எட்டாவது குடுவை மீண்டும் டீ நிறம்.

இனிச் சந்தேகப்பட வேறு ஆளில்லை. குடுவைகளைக் குலுக்கும் இயந்திரத்தின் சூட்டில் நீர் வற்றும். தினமும் எடை பார்த்து, வற்றிய அளவுக்குப் பிப்பெட் குழாயால் தண்ணீர் விடுவது அவள்தான். புதுப் பிப்பெட் முனைகள் கேட்டு எழுதிய இண்டென்ட் மூன்று மாதமாக ஸ்டோரில் தூங்குகிறது. வெறும் தண்ணீர்தானே என்று எட்டுக்கும் ஒரே முனை. ஏழாவதில் பட்ட நுனி எட்டாவதிலும் பட்டிருக்கிறது. கிருமிக்கு அது போதும்.

ராஜகோபாலனிடம் போய் நின்றாள். "நான்தான் சார்."

"அச்சா, விடுங்கோ. யாருக்கும் நடக்கறதுதான். ஃபைல்ல எல்லாம் வேண்டாம்."

அவ்வளவு லேசாகக் கிடைத்த மன்னிப்பு அவளைச் சுட்டது. சேட்டுவுக்கு இப்படி ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லையே! தன் தப்பையும், அவரைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தாள். யாராவது அமுக்கிவிடுவார்கள் என்று சீல் குத்தும்வரை அங்கேயே நின்றாள்.

பிறகு போன் செய்தாள். மூன்றாம் முறைதான் எடுத்தார்.

"சேட்டு, நான் வசுமதி பேசுறேன்."



"இப்ப என்ன கெட்டுப் போச்சு மேடம்?"