நான் படத்தைப் பார்க்கவில்லை

ஈமெயிலில் வந்த அட்டாச்மென்ட் திறக்கவில்லை என்றால், வெள்ளவத்தையில் சனம் முதலில் அனுப்பியவரைச் சந்தேகிக்கும், பிறகு திருத்த வந்தவனை. கம்ப்யூட்டர் திருத்திப் பிழைக்கும் நண்பர்களே, உங்களுக்கும் இதே பாடுதானே? எனக்கு முதலீடு என்று இருப்பது, ‘அவன் மற்றவர்களுடையதைப் பார்க்கமாட்டான்’ என்ற பெயர் மட்டும்தான். அது போனால் கடையை இழுத்து மூடவேண்டியதுதான்.

எங்கே ஒளித்தாய்?

கொட்டாஞ்சேனையில் ஒரு புடவைக்கடை முதலாளி. இந்தியாவிலிருந்து வரும் ஈமெயிலில் சேலைப் படங்கள் இருக்கவேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டங்கள். பக்கத்துக் கடைக்காரனின் சதி என்று முடிவே கட்டிவிட்டார். பாஸ்வேர்ட் அடிக்கும்போது விரல்களைப் பேப்பரால் மூடிக்கொண்டார். படங்களைக் காட்டவேண்டாம் என்று செட்டிங்கில் யாரோ அழுத்தி வைத்திருந்தார்கள், அநேகமாக அவரேதான். மாற்றினேன். சேலைகள் வரிசையாக வந்தன.

முதலாளி சேலையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“ஒரு மாசமா நான் தேடுறேன், கிடைக்கல. நீங்க வந்ததும் வருதுன்னா, இவ்வளவு நாளும் எங்க வச்சிருந்தீங்க?”

முதுகைக் காட்டி ஒரு வேலை

தெஹிவளையிலிருந்து ஓர் அன்ரி லப்டொப்போடு கடைக்கு வந்தார். மகளுக்குக் கனடாவில் மாப்பிள்ளை பேசுகிறார்கள். சாதகக் குறிப்புப் பொருந்திவிட்டது. மாப்பிள்ளையின் படம் ஈமெயிலில் வந்திருக்கிறது, திறக்கவில்லை. “முகத்தை மறைக்கினம் போல. இண்டைக்குத் திறக்காட்டி வேண்டாமெண்டு சொல்லப்போறன்” என்றார்.

ஐபோனில் எடுத்த படம். அந்தப் பழைய லப்டொப்புக்கு அது பிடிபடவில்லை. வேறு வகைக்கு மாற்றவேண்டும், அவ்வளவுதான். ஆனால் சம்பந்தம் முற்றாகும் முன் வெளியாள் முகத்தைப் பார்த்தால் ஊரெல்லாம் கதையாகிவிடும் என்று அன்ரிக்குப் பயம். படத்தைத் திறக்காமலே மாற்றி, எங்கே அழுத்துவது என்று காட்டிவிட்டு, அவர் சொன்னபடி சுவரைப் பார்த்து நின்றேன். பின்னால் அன்ரி அழுத்தும் சத்தம் கேட்டது.

“பெடியன் நல்ல வடிவுதான். அதுதான் எனக்குச் சந்தேகமாக் கிடக்கு.”

திகதி

முகத்தைப் பார்க்கவில்லை, சத்தியம். ஆனால் மாற்றும்போது, படம் எடுத்த திகதி கண்ணில் பட்டுவிட்டது. சில வருடப் பழசு. சொன்னால் என் பெயர் போகும். சொல்லாவிட்டால் ஒரு பெண் விமான நிலையத்தில் இறங்கி, இப்போது இல்லாத ஒரு முகத்தைத் தேடுவாள். அன்ரி லப்டொப்பை மூடி, “ஓமெண்டு சொல்லப்போறன்” என்றபோது வாய் பொறுக்கவில்லை.

“அன்ரி, நான் முகத்தைப் பார்க்கேல்லை. ஆனா அது பழைய படம். எடுத்துச் சில வருசமாகுது.”

அன்ரி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. கடைக்குள் வந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

“அப்ப பரவாயில்லைத் தம்பி. நாங்கள் அனுப்பினதும் மகளின்ர பழைய படம்தான். நீங்கள் ஒண்டையும் பார்க்கேல்லை, விளங்கிச்சுதோ?”

அட்டாச்மென்ட்டைத் திறப்பதுதான் என் தொழில் என்று போர்டில் எழுதியிருக்கிறேன், ஆனால் சனம் என்னைத் தேடி வருவது கண்ணையும் வாயையும் மூடிக்கொள்வதற்காக.