எந்தக் கட்டத்திலும் அடங்காத குட்டை

ஒரு பிடி சேற்றை அள்ளி மூக்கருகே வைத்து, கண்ணை மூடி மூச்சை இழுப்பார். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் முகம் மலர்ந்துவிடும். நாறவில்லை என்றால் அன்று முழுக்க யாரிடமும் பேசமாட்டார்.

நீர்நிலை ஆய்வு அலுவலகத்தில் அவருக்கு 'சேத்து சார்' என்று பெயர். ஈர நிலங்களை வகை பிரிப்பது அவர் வேலை; அந்த நாற்றம்தான் ஈர நிலத்துக்கு அடையாளமாம். அவருடைய பூட்ஸைக் கழுவுவது என் வேலைகளில் ஒன்று. அதனால் அவர் எங்கே போய்வந்தார் என்பது அவர் மனைவிக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் வகைகளை விளக்குவார். புல்லும் கோரையும் நின்றால் ஒன்று. மரம் நின்றால் வேறு. மழைத் தண்ணீரை மட்டும் குடித்துப் புளித்துக் கிடந்தால் ஒன்று, அடியில் ஊற்று இருந்தால் இன்னொன்று. "மேலாகப் பாத்துச் சொல்லிடக் கூடாதும்மா. அடிமண்ணு என்ன சொல்லுதுன்னு கேக்கணும்" என்பார். அடிமண் அவரிடம் இதுவரை ஒரே பேச்சாக எதுவும் சொன்னதில்லை போலிருக்கிறது. மேசையில் பேனா கிடையாது. பென்சில்தான். ரப்பர் மாதம் இரண்டு தேயும்.

ஒரு நாள் வீட்டுச் சாவி வாங்க வந்த அவர் மனைவி எல்லார் முன்னாலும் கேட்டார்: "சமையக்கட்டுக் குழாய் ஒழுகி ஒரு மாசமாச்சு. அது எந்த வகைன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா நான் பிளம்பரைக் கூப்பிடுவேன்." அவர் கோபப்படவில்லை. தண்ணீர் மேலிருந்து சொட்டுகிறதா, கீழிருந்து கசிகிறதா என்று விசாரித்தார்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு குட்டை இருக்கிறது. மழை கொட்டினால் எங்கள் வீடுகளுக்குள் வரவேண்டிய தண்ணீரை அதுதான் வாங்கிக்கொள்ளும். அதை மண்ணால் நிரப்பி வண்டி நிறுத்துமிடம் கட்ட ஒருவர் அனுமதி கேட்டிருந்தார். என்ன வகை ஈர நிலம் என்று படிவத்தில் குறித்துவிட்டால் யாரும் தொட முடியாது. கெடுவுக்குள் குறிக்காவிட்டால் அது வறண்ட நிலம்.

படிவத்தில் ஒரே ஒரு கட்டத்தில்தான் டிக் போடலாம். குட்டையிலோ ஒரு கரையில் கோரை, மறுகரையில் மரம், நடுவில் ஊற்று. பதினொரு முறை போய்வந்தார். ஏதாவது ஒன்றில் போட்டுத் தொலையுங்கள் என்று மேலதிகாரியே கெஞ்சினார். நானும் ஒரு நாள் பூட்ஸை வைக்கும்போது, தரையைப் பார்த்தபடி, எங்கள் வீடு அங்கேதான் என்று சொன்னேன்.

"அப்படியா? அப்ப இன்னும் கவனமாப் பாக்கணும்" என்றார்.

கெடு நேற்றோடு முடிந்தது. இன்று காலை மண் லாரி வந்து, பின்பக்கத்தைக் குட்டைக்குக் காட்டி நின்றது. சேத்து சார் அதற்கும் முன்பே வந்து, நடுவில் முழங்கால் வரை புதைந்து நின்றார். நிரப்பாத படிவம் சட்டைப் பைக்கு வெளியே எட்டிப் பார்த்தது.

ஓட்டுநர் இறங்கி வந்தார். "சார், தேதி முடிஞ்சுபோச்சாம். தள்ளுங்க, கொட்டணும்."

கரையில் என்னோடு நின்ற நாத்தனார் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சேத்து சார் திரும்பவில்லை. இடது உள்ளங்கையை உயர்த்தி, கொஞ்சம் பொறு என்று லாரிக்குக் காட்டினார். வலது கையை முழங்கை வரை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, மூக்கருகே கொண்டுபோனார்.