பாதித் திரையில் வந்த கேள்விகள்

பெருந்தொற்றுக் காலத்தில் மூடிக் கிடந்த பள்ளிகள் மீண்டும் திறந்த முதல் மாதம் அது. மலேசியாவில் சுங்காய் பக்கம், ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிவிட்ட ஒரு தோட்டத்தின் தமிழ்ப்பள்ளியில் நான் கணித ஆசிரியர். ஐந்தாம் ஆண்டு வகுப்பில் மொத்தமே பதினான்கு பிள்ளைகள்.

பள்ளி மூடியிருந்தபோது வாரந்தோறும் இணையப் புதிர் ஒன்றைத் தயாரித்து அனுப்பினேன். கேள்வியை என் குரலிலேயே பதிவு செய்திருப்பேன். திரையில் நான்கு வண்ணக் கட்டங்களில் நான்கு பதில்கள் வரும், இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு. பிள்ளைகள் தொட்டால் போதும். கணினியே திருத்தி, யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று வரைபடமும் போட்டுக் கொடுத்துவிடும். இதைக் கேள்விப்பட்டு, ஈப்போவில் நடக்கவிருந்த ஓர் ஆசிரியர் கூட்டத்தில் என்னைப் பேச அழைத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வரைபடத்தில் ஒரு மாணவி மட்டும் எப்போதும் கடைசியில் இருப்பாள். யோசிக்காமல் எதையோ தொட்டுவிட்டுப் போகிறாள் என்றே நினைத்தேன். பள்ளி திறந்ததும் வரைபடத்தை வைத்துப் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தேன். அவளைக் கடைசிக் குழுவில் போட்டு, கீழ் வகுப்புக் கணக்குகளைக் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் செய்தாள்.

பிறகு, அதே போல நான்கு பதில்கள் கொடுத்து, தாளில் ஒரு சோதனை வைத்தேன். அவள் எல்லாக் கேள்விக்கும் சரியாக விடை எழுதியிருந்தாள். எனக்கு அது சந்தோஷமாக இல்லை, சந்தேகமாக இருந்தது. வகுப்பில் அத்தனை பேர் முன்னால் எழுப்பி நிறுத்தி, யாரைப் பார்த்து எழுதினாய் என்று கேட்டேன். வேறொரு தாளைக் கொடுத்து, என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தனியாக எழுதச் சொன்னேன். அதிலும் ஒன்றுகூடத் தப்பில்லை.

"அப்புறம் புதிர்ல மட்டும் ஏன் அப்படிச் செஞ்ச?" என்றேன்.

"இதுல நாலு பதிலும் தெரியுது சார்," என்றாள்.

எனக்கு உடனே விளங்கவில்லை. பள்ளி முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். போனைக் காட்டச் சொன்னேன். திரையின் வலது பாதி முழுக்கக் கறுப்பு, அங்கே தொட்டாலும் வேலை செய்யவில்லை. என் புதிர் நெடுக்காக மட்டுமே வரும், போனைச் சாய்த்தாலும் திரும்பாது. அங்கேயே உட்கார்ந்து, நான் தயாரித்த புதிரை நானே போட்டுப் பார்த்தேன். என் குரல் கேள்வி கேட்டது. விடை எனக்குத் தெரியும், ஆனால் அந்தக் கட்டம் கறுப்புக்குள் இருந்தது. பத்தில் நான்குதான் எனக்குச் சரியாக வந்தது.

"ஏங்க்கா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"விழுந்து ஒடஞ்சி ரொம்ப நாளாச்சி சார். சொல்றேன்னுதான் இவகிட்ட சொன்னேன். சாக்குப்போக்கு சொல்லக் கூடாதுன்னு சார் குரூப்ல போட்டிருக்காரு, வேணாம்மான்னுட்டா லா," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அதைப் போட்டவன் நான்தான். யாரோ இரண்டு பேர் வேலையை அனுப்பவில்லை என்ற எரிச்சலில் எழுதியது. எழுதியதையே மறந்துவிட்டிருந்தேன்.

மறுநாள் அதே வகுப்பில், அதே பிள்ளைகள் முன்னால், தவறு என்னுடையது என்று சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையை மட்டும் அசைத்தாள். குழுக்களைக் கலைத்தேன். ஆனால் அந்த ஆண்டு முடியும்வரை அவள் என் வகுப்பில் தானாகக் கை தூக்கவே இல்லை.

ஈப்போக் கூட்டத்தில் வரைபடத்தைக் காட்டாமல், அவள் அம்மாவிடம் கேட்டு எடுத்த அந்தப் போனின் படத்தைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. ஓர் ஆசிரியை எழுந்து, தன் வகுப்பிலும் ஒரு பிள்ளை என்று தொடங்கி, மேலே பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது எங்கள் பள்ளிக்குப் புதுக் கைக்கணினிகள் வந்துவிட்டன, நானும் பயன்படுத்துகிறேன். ஆனாலும் ஒரு பிள்ளையின் விடைக்குத் தப்பு போடும்போதெல்லாம், என் கேள்வி அதற்கு முழுசாகப் போய்ச் சேர்ந்ததா என்று ஒரு நிமிடம் கை நின்றுவிடுகிறது.