சொல்மேகத்தில் விடுபட்ட அண்ணே

வைகை வெள்ளம் மதுரையில் எங்கள் கோச்சடைக்குள் புகுந்த வருஷம்தான் எங்கள் தெருவுக்கு முதல் கலர் டிவி வந்தது. அதுவும் நனைந்து போனது.

அந்த வெள்ளக் கதைகளைத் தெருக்காரர்களைப் பேசவைத்து இணையதளத்தில் ஏற்றியவள் என் மகள் செல்வி. இன்று அதில் சொல்மேகம் என்று சொற்களாலான ஒரு படம் சேர்த்தாள். அதிகம் பேசிய சொல் பெரிதாகத் தெரியுமாம்.

எனக்குப் படிக்கத் தெரியாது. "பெருசா இருக்கது என்னம்மா?" என்றேன்.

"தண்ணிப்பா. 'அண்ணே'தான் அதைவிடப் பெருசா வந்துச்சு. சும்மா பேச்சுக்குச் சொல்றதுன்னு தூக்கிட்டேன்."

"அடி கூறுகெட்டவளே! பிள்ளைக அம்புட்டையும் தோள்ல வச்சுக் கரையேத்துன மனுஷன்டி அது. உன்னையுந்தான். யாரு அவரைப் பேரு சொல்லிக் கூப்பிட்டா?"

செல்வி அந்தச் சொல்லைத் திரும்பச் சேர்த்துவிட்டாள்.

அன்று மற்றவர்களைக் காப்பாற்றத் தண்ணீரில் இறங்கியவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். உங்கள் தெரு அண்ணனுக்குப் பெயர் என்னவென்று உங்களுக்காவது தெரியுமா? எங்கள் அண்ணன் பெயர் அருளப்பன்.