வெண்கல பக்கிளும் கல்யாணக் குதிரையும்

பேய், பிசாசு, சாமி வந்து ஆடுவது எதுவும் எனக்கு ஒத்துவராது. பிள்ளைக்கு மந்திரிக்கப் போனால்கூட என் மனைவி செல்விதான் தூக்கிக்கொண்டு உள்ளே போவாள், நான் வெளியே நின்றுவிடுவேன். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

பெங்களூர் நீலசந்திராவில் தோல் பை, பெல்ட் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். பழைய பொருள் சேர்க்கிற டாக்டர் ஒருவர் போன வருஷம் ஒரு வெண்கல பெல்ட் பக்கிளைக் கொண்டுவந்தார். உள்ளங்கை அகலம் இருக்கும், சதுரம். நடுவில் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிற மான், அதன் வயிற்றுக்குக் கீழே ஒரு குதிரை, மூலையில் ஒரு நாய்.

"காகசஸ் மலைப்பக்கம் கெடைச்சதுப்பா. ரெண்டாயிரம் வருஷம் இருக்கும். கண்ணாடிப் பெட்டியில வெக்கணும், நல்லதா ஒரு வார் தெச்சுக் குடு" என்றார்.

வாரைத் தைத்து முடித்து, கொக்கி பிடிக்கிறதா என்று பார்க்க என் இடுப்பிலேயே கட்டிக்கொண்டேன். கொஞ்சம் கனம், அவ்வளவுதான். கழற்றாமலே அடுத்த வேலையைப் பார்க்க உட்கார்ந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் தெருமுனையில் ஒரு கல்யாண ஊர்வலம். யாரோ சரவெடி கொளுத்த, மாப்பிள்ளைக்காக நிறுத்தியிருந்த வெள்ளைக் குதிரை மிரண்டு எங்கள் சந்துக்குள் பாய்ந்துவிட்டது. என் மகள் பவானி, நாலு வயசு, கடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்த் தூக்கியிருக்க வேண்டும், எனக்குக் கால் நகரவில்லை. வாய்தான் திறந்தது. ஏதோ ஒரு சொல் வந்தது, தமிழும் இல்லை, கன்னடமும் இல்லை, உருதும் இல்லை.

குதிரை அவளுக்கு ஒரு முழம் முன்னால் அப்படியே நின்றது. பிறகு அவளைச் சுற்றிக்கொண்டு மெதுவாக என்னிடம் வந்து, மூக்கை அந்த பக்கிள் மேல் வைத்து மூச்சு விட்டது. சட்டைக்குள் சூடு தெரிந்தது.

குதிரைக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "அண்ணே, இது என் பேச்சையே கேக்காது. நீங்க என்னா சொன்னீங்க?"

"தெரியல பாய்."

"முன்னாடி குதிர வெச்சிருந்தீங்களா?"

"சைக்கிள்கூட வெச்சதில்ல பாய்."

அவர் இழுத்தும் அது நகரவில்லை. நான் பெல்ட்டைக் கழற்றி உள்ளே வைத்த பிறகுதான் போனது.

மறுநாள் பெல்ட்டைக் கொடுக்கும்போது டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். "பயத்துல எதையாவது கத்தியிருப்பே" என்று சிரித்தார். இருக்கலாம் என்றுதான் நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் அந்தச் சொல் எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. பவானிக்கு நினைவிருக்கிறது. விளையாடும்போது தன்பாட்டுக்குச் சொல்கிறாள். என்னம்மா சொன்னே என்று கேட்டால், "அன்னிக்கு நீதானப்பா சொன்னே" என்று காதுக்குப் பக்கத்தில் வந்து திரும்பச் சொல்வாள். தெளிவாகத்தான் கேட்கிறது. அவள் வாயை மூடுவதற்குள் மறந்துவிடுகிறது. செல்விக்கும் அப்படித்தான்.